பதினாறு லிஃப்டரும் ஒரே நாளில் போகுமா?

கேள்வி: வணக்கம் சார். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், துறைமுகத்தில் க்ளியரிங் வேலை. நான்கு மாதம் முன்பு ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2014 மாடல் பெட்ரோல் கார் வாங்கினேன். மீட்டரில் 68,000 கி.மீ. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் மேல்பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம். முதலில் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இப்போது பத்து நிமிடம் ஆனாலும் கேட்கிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டேப்பெட் அடிக்குது, ஹைட்ராலிக் லிஃப்டர் பதினாறும் மாத்தணும், 28,000 ஆகும்" என்கிறார். இன்னொருவர், "கெட்டி ஆயில் ஊத்து, 20டபிள்யூ-50, சத்தம் போயிடும்" என்கிறார். எதைச் செய்வது? வியாபாரியிடம் பணம் கேட்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். 28,000 ரூபாய் எடுத்து வைப்பதற்கு முன், அந்த மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆயில் பிரஷர் எவ்வளவு இருக்கிறது?" அளந்து பார்க்காமல் லிஃப்டர் மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

லிஃப்டர் என்பது விரல் பருமனுள்ள ஒரு சின்ன உருளை. உள்ளே குட்டி பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், எண்ணெயைத் திரும்ப விடாத ஒரு வால்வு. பம்ப் அனுப்பும் ஆயில் அதற்குள் நிறைந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் தாங்கிக்கொண்டிருக்கும். ஆயில் சரியாக நிறையவில்லை என்றால் அந்த இடைவெளியில் இரும்போடு இரும்பு மோதும். நீங்கள் கேட்கும் டிக் டிக் அதுதான், மெக்கானிக் 'டேப்பெட் சத்தம்' என்பதும் அதைத்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் லிஃப்டரிலிருந்து ஆயில் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதனால் காலையில் சில நொடிகள் சத்தம் வந்து அடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. பத்து நிமிடம் என்பது வேறு விஷயம். அதுவும் நாளுக்கு நாள் நேரம் கூடியிருக்கிறது.

இப்போது அந்தப் பதினாறு கணக்குக்கு வருகிறேன். ஒரு லிஃப்டர் அழுக்கில் சிக்கிக்கொள்ளும், நம்பலாம். இரண்டு தேயலாம். பதினாறும் சேர்ந்து சத்தம் போட்டால் கோளாறு பெரும்பாலும் லிஃப்டரில் இருக்காது. அவற்றுக்கு ஆயில் வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஆயில் குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், சம்ப் என்கிற, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில் இருக்கும் ஜல்லடையில் கசடு பிடித்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். இதில் எதையும் பார்க்காமல் பதினாறு புது லிஃப்டர் போட்டால், கொஞ்ச நாளில் அவையும் அதே பாட்டைப் பாடும்.

ஒன்றா, எல்லாமா என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கேம் ஷாஃப்ட், இன்ஜின் வேகத்தில் பாதியில்தான் சுற்றும். வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கேம் 400; அதாவது ஒரு லிஃப்டர் மட்டும் தட்டினால் நொடிக்கு ஆறு ஏழு முறை, சீராகப் பிரித்துக் கேட்கக்கூடிய தாளமாகக் கேட்கும். பல லிஃப்டர்கள் தட்டினால் தையல் மெஷின் ஓடுவதுபோல் இடைவிடாமல் இருக்கும். அடிப்பக்கத்திலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்து, மேம்பாலம் ஏறும்போது அதிகமானால் அது டேப்பெட் இல்லை, பேரிங். அப்படிக் கேட்டால் வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அப்படித்தான், உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

நாளைக் காலை முதல் வேலையாக வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பாதி டேப்பெட் புகார் இதிலேயே தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தார் மாதிரி கறுப்பாக ஒட்டியிருந்தால், முன்பு வைத்திருந்தவர் பெரும்பாலும் ஆயிலை ஒழுங்காக மாற்றவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது மீட்டர் ஓடாது, இன்ஜின் ஓடும். தினம் ஒரு மணி நேரம் இப்படி நின்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 300 மணி நேரம். மணிக்கு 30 கி.மீ. என்று வைத்தாலும் 9,000 கி.மீ. ஓடியதற்குச் சமம், அது மீட்டரில் ஏறவே ஏறாது. அதனால் கையேட்டில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருந்தாலும், வடசென்னையில் ஓடும் வண்டிக்கு 5,000 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. கடினமான ஓட்டத்துக்கென்று தனி அட்டவணை பல கையேடுகளிலேயே இருக்கிறது, யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

ஆயில் அளவு சரியாக இருந்தால், பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில், ஐடிலிலும் 2,000 சுற்றிலும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். குறைவாக இருந்தால் சம்ப்பை இறக்கி ஜல்லடையைப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால், கையேட்டில் சொன்ன கிரேடிலேயே நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு 1,000 கி.மீ. ஓட்டி, அதை வடித்துவிட்டு மறுபடி மாற்றுங்கள். சிக்கிய லிஃப்டர் பல நேரம் இதிலேயே விடுபட்டுவிடும். கசடைக் கரைக்க ஃப்ளஷ் என்று விற்கும் திரவத்தைக் கசடு பிடித்த பழைய இன்ஜினில் ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரேயடியாகப் பெயர்ந்த கசடு ஜல்லடையில் போய் உட்கார்ந்தால் டேப்பெட் சத்தத்தோடு போக வேண்டியது பேரிங் வரைக்கும் போய்விடும்.

20டபிள்யூ-50 யோசனையும் வேண்டாம். மெல்லிய ஆயிலுக்காகச் செய்த குறுகிய துளைகளில் கெட்டி ஆயில் காலையில் தாமதமாகத்தான் ஏறும். தேய்மானம் அதிகம் நடப்பதே அந்த நேரத்தில்தான். சூடானபின் சத்தம் குறையும், நோய் உள்ளேயே இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தட்டினால் வால்வு கவரைத் திறக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நல்ல லிஃப்டரைக் கட்டை விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். போனது ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும். அதற்கு மேலே உரசும் கேமின் மேட்டையும் ராக்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பள்ளமோ கீறலோ இருந்தால் லிஃப்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை. புதுப்பேட்டையில் பழைய லிஃப்டர் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் வேறொரு இன்ஜினில் தேய்ந்ததை உங்கள் இன்ஜினில் போட வேண்டாம்.

வியாபாரி விஷயம். விற்பனையைத் தொழிலாகச் செய்பவரிடம் வாங்கியதால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். தனி மனிதரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை. கோளாறு விற்கும்போதே இருந்தது என்று காட்ட வேண்டும். கவரைத் திறக்கும்போது கசடைப் படம் எடுங்கள், பிரஷர் அளவோடு ஒர்க்‌ஷாப் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். மீட்டர் குறைத்திருந்தால் அதில் தெரிய வாய்ப்புண்டு. பிறகு வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வண்டியைச் சரிசெய்யும் முன்பே இந்தச் சாட்சிகளைச் சேர்த்துவிடுங்கள், ஆயிலை வடித்தபின் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: திருவொற்றியூரில் ஆசிரியையாக இருக்கிறேன். பழைய கார் வாங்கப் போகிறேன். மேலே சொன்ன சத்தம் உள்ள வண்டி என் தலையில் விழாமல் எப்படிப் பார்ப்பது?

பதில்: சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போய் நில்லுங்கள் அம்மா. முதலில் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், சத்தம் அடங்கும்வரை ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்ய வேண்டும். குளிரில் டிக் டிக் வந்து, சூடானதும் மறைந்து, கூடவே புகை வாடையும் அடித்தால் அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயின் கசிவாகவும் இருக்கலாம்; அங்கே கறுப்புக் கரி படிந்திருக்கும். லிஃப்டரை விடச் செலவு குறைவு, ஆனால் அந்தப் புகை காருக்குள் வரக்கூடாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எர்ணாவூர், மணலி பக்கம் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, விலையே பேச வேண்டாம்.

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் பிரபல கம்பெனி ஆயில் டப்பா ரொம்ப மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பழைய டப்பாவில் வேறு ஆயிலை நிரப்பி விற்பது நடக்கிறது. பெட்ரோல் பங்க்கிலோ கம்பெனி டீலரிடமோ பில்லோடு வாங்குங்கள், சீல் உங்கள் முன்னால் உடையட்டும். ஆயில் மாற்றியதும் காலி டப்பாவை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஓட்டை போட்டுவிட்டுக் காயலான் கடைக்குக் கொடுங்கள்.