இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டியதும் டி: டிரைவ் எங்கே போனது?

கேள்வி: 486 கம்ப்யூட்டர், 8 எம்பி ராம், எம்எஸ்-டாஸ் 6.22. பழைய 420 எம்பி ஹார்ட் டிஸ்கில் சி:, டி: என இரண்டு டிரைவ்கள் உண்டு. ஸ்லேவாக (மாஸ்டரோடு ஒரே கேபிளில் இரண்டாவதாக) 1.2 ஜிபி டிஸ்க் ஒன்றை மாட்டி, டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பகுதி) போட்டேன். இப்போது டி:யில் இருந்த புரோகிராம்களைக் காணோம். புதிய டிஸ்க் 504 எம்பி மட்டுமே காட்டுகிறது. ஸ்கேன்டிஸ்க் ஓட்டும்போதெல்லாம் லாஸ்ட் கிளஸ்டர்கள் (எந்தக் கோப்புக்கும் சேராமல் கிடக்கும் டிஸ்க் துண்டுகள்) வேறு. ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் 'ஸ்மார்ட்டிரைவ் /என் சி+ டி+ 4096 2048' என்ற வரி இருக்கிறது. டிஸ்க் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்று தனித்தனித் தொல்லைகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. முதலில் ஸ்மார்ட்டிரைவ் (SMARTDRV) வைத்திருக்கும் கேஷைச் சரிசெய்யுங்கள்; கேஷ் என்பது டிஸ்க் தகவலை ராமில் தற்காலிகமாக வைக்கும் இடம். எழுத வேண்டிய தகவல் ராமிலேயே தங்கிக்கொண்டிருக்கும் வரை, எந்தப் பிழை டிஸ்கினுடையது, எது கேஷினுடையது என்று பிரித்தறிய முடியாது.

சி+, டி+ என்றால் படிப்பது, எழுதுவது இரண்டுக்கும் கேஷ். வழக்கமாக 6.22 பதிப்பு, கேஷில் உள்ளதை டிஸ்கில் எழுதிய பிறகே டாஸ் பிராம்ப்ட்டைத் திரும்பக் காட்டும். நீங்கள் போட்டிருக்கும் /என் அந்தக் காவலை நீக்கிவிடுகிறது. பிராம்ப்ட் உடனே வரும். எழுதும் வேலையோ கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் சுவிட்சை அணைத்தாலோ ரீசெட் பட்டனை அழுத்தினாலோ ஃபேட் அட்டவணை (எந்தக் கோப்பு எந்தக் கிளஸ்டரில் என்ற குறிப்பு) பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். லாஸ்ட் கிளஸ்டர்கள் பிறப்பது இப்படித்தான். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தினால் மட்டும் ஸ்மார்ட்டிரைவ் சுதாரித்துக்கொண்டு, மிச்சத்தை எழுதிவிட்டே ரீபூட் ஆக விடும்.

அந்த வரியை 'ஸ்மார்ட்டிரைவ் /எக்ஸ் 2048 1024' என்று மாற்றுங்கள். /எக்ஸ் எல்லா டிரைவ்களுக்கும் எழுதும் கேஷை நிறுத்தும். படிக்கும் கேஷ் தொடரும். வேகத்தின் பெரும்பங்கு படிப்பதில்தான் கிடைக்கிறது, ஆகவே இழப்பு சொற்பம். 8 எம்பி ராமில் பாதியைக் கேஷுக்குக் கொடுப்பதும் வீண். 2 எம்பி போதும். இரண்டாவது எண், விண்டோஸ் ஓடும்போது கேஷ் எந்த அளவு வரை சுருங்கலாம் என்பதற்கு.

ரீபூட் செய்தபின் வெறுமனே 'ஸ்மார்ட்டிரைவ்' என்று அடித்தால் ஓர் அட்டவணை வரும். எழுதும் கேஷ் பத்தியில் எல்லா டிரைவுக்கும் 'நோ' என்று இருக்க வேண்டும். பிறகு ஸ்கேன்டிஸ்க் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பின்னும் புதிய லாஸ்ட் கிளஸ்டர்கள் முளைத்தால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்: 45 செ.மீ.க்கு மேல் நீளமான ஐடிஇ கேபிள், தளர்ந்த இணைப்பு, கெட்டுப்போன ராம். பழைய மாஸ்டர் டிஸ்கின் ஜம்பரையும் (மாஸ்டரா ஸ்லேவா என்று குறிக்கும் சிறு பின் இணைப்பு) பாருங்கள். சில டிஸ்க்குகளில் தனியாக இருக்கும்போது ஓர் அமைப்பு, ஸ்லேவ் கூட இருக்கும்போது வேறு அமைப்பு.

அடுத்து டி:. அது எங்கும் போகவில்லை, ஈ: ஆகியிருக்கிறது. டாஸ் முதலில் எல்லா டிஸ்க்குகளின் பிரைமரி பார்ட்டிஷன்களுக்கும் டிரைவ் எழுத்து கொடுக்கும். லாஜிக்கல் டிரைவ்களின் (எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் பிரித்த டிரைவ்களின்) முறை அதன் பிறகே. புதிய டிஸ்கின் பிரைமரி டி: எழுத்தைப் பிடித்துக்கொண்டதால் பழைய லாஜிக்கல் டிரைவ் ஒரு படி தள்ளிப்போனது. புதிய டிஸ்கில் பிரைமரியே இல்லாமல் எக்ஸ்டெண்டட் மட்டும் வைத்தால் பழைய எழுத்துகள் அப்படியே திரும்பும். அந்த டிஸ்கிலிருந்து பூட் செய்யப்போவதில்லை என்பதால் பிரைமரி தேவையும் இல்லை.

ஆனால் பார்ட்டிஷனைத் தொடும் முன் 504 எம்பி தடையை நீக்குங்கள். பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும், போர்டில் உள்ள நிரல்) 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் வரைதான் எண்ணும். செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் அதே 504 எம்பி. பயாஸ் அமைப்பில் எல்பிஏ (செக்டர்களைத் தொடர் எண்ணால் குறிக்கும் முறை) இருந்தால் ஸ்லேவுக்கு மட்டும் அதைக் கொடுங்கள். மாஸ்டரை இருக்கிற முறையிலேயே விட்டுவிடுங்கள். பார்ட்டிஷன் போட்ட டிஸ்கின் முறையை மாற்றினால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, எழுதினால் நாசம். இதே காரணத்தால், புதிய டிஸ்கில் ஏற்கெனவே ஏதாவது பதிந்திருந்தால் எல்பிஏக்கு மாறும் முன்பே நகல் எடுத்துவிடுங்கள். எல்பிஏ இல்லாத பயாஸுக்கு, நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் சிப் பொருத்துவது நல்ல வழி. டிஸ்கிலேயே பதிந்து பயாஸின் குறையை ஈடுகட்டும் ஓவர்லே மென்பொருளும் உண்டு. எனக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

இனி எஃப்டிஸ்க். 5ஐ அழுத்தி டிஸ்க் 2ஐத் தேர்ந்தெடுங்கள். திரையின் மேலே 'கரன்ட் ஃபிக்ஸட் டிஸ்க் டிரைவ்: 2' என்று இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். 3 வழியாகப் பிரைமரியை நீக்கி, 1 வழியாக முழு அளவுக்கும் எக்ஸ்டெண்டட் உருவாக்குங்கள். அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களை 511 எம்பிக்கு மிகாமல் பிரியுங்கள்: 511, 511, மிச்சம். டாஸ் பயன்படுத்தும் ஃபேட்16 கோப்பு முறையில் 511 எம்பி வரை கிளஸ்டர் 8 கேபி. 1 ஜிபியைத் தாண்டினால் 32 கேபி. கோப்புக்குச் சராசரியாக அரைக் கிளஸ்டர் வீணாகும். 5,000 சிறு கோப்புகள் என்றால் 8 கேபியில் சுமார் 20 எம்பி போகும், 32 கேபியில் 80 எம்பி.

ரீபூட் செய்ததும் ஈ:, எஃப்:, ஜி: வரும். ஃபார்மேட் செய்யும் முன் ஒவ்வொன்றுக்கும் 'டிர்' கொடுத்துப் பாருங்கள். புதிய டிரைவ் என்றால் 'இன்வேலிட் மீடியா டைப்' என்று முறையிடும். கோப்புகளைப் பட்டியலிட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது பழைய டிரைவ்.

சிடி-ரோம் இருந்தால் அதன் எழுத்தும் நகரும். எம்எஸ்சிடிஎக்ஸ் (சிடி டிரைவுக்கு எழுத்து தரும் நிரல்) வரியில் /எல்:எச் என்றும், கான்ஃபிக்.சிஸ்ஸில் லாஸ்ட்டிரைவ்=எச் என்றும் கொடுங்கள். எம்எஸ்சிடிஎக்ஸ் வரி ஸ்மார்ட்டிரைவுக்கு முன்னால் வந்தால்தான் சிடிக்கும் கேஷ் கிடைக்கும்.

டிஸ்க் சிக்கல் என்றாலே பலரும் சொல்லும் 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' உங்களுக்குத் தேவையில்லை. அது பார்ட்டிஷன் அட்டவணையைத் திருத்தாது, முதல் செக்டரில் உள்ள பூட் நிரலை மட்டும் மாற்றி எழுதும். பூட் டிஸ்கில் ஓவர்லே பதிந்திருந்தால் அதுவும் அழியும். ஓவர்லேயை நம்பியிருக்கும் டிரைவ்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அசல் அட்டவணையை வேறிடத்தில் ஒளித்துவைக்கும் மங்கி போன்ற பூட் வைரஸ் இருந்தாலும் இதே கதிதான். சுத்தமான ஃபிளாப்பியில் பூட் செய்து பாருங்கள். சி: தெரியவில்லை என்றால் அந்தக் கட்டளையை அடிக்கவே கூடாது.