ஆட்சி மாற்றமும் நம் ஓட்டும்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

2018 மே 9 மலேசியப் பொதுத் தேர்தலில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தொகுதியில், வேட்பாளர் தரப்பில் வாக்கு எண்ணும் முகவராக இருந்தவன் நான். தேர்தலைப் பற்றிக் கேளுங்கள்.

கே: ஐயா, அன்றைக்கு எண்ணும் அறையில் என்ன நடந்தது?

பள்ளிக்கூட வகுப்பறைதான். 5 மணிக்குச் சாவடி மூடியதும் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணினார்கள். முடிவை போராங் 14 என்ற படிவத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டு, என் நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். 222 தொகுதிகளில் 112 இருந்தால் ஆட்சி. எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானுக்கு 113. சுதந்திரம் வாங்கியதிலிருந்து மாறாத மத்திய ஆட்சி அன்று மாறியது. நகல் வாங்காமல் எந்த முகவரும் அறையை விட்டு வரக்கூடாது.

கே: வெளியூரில், கிள்ளானில் வேலை செய்கிறேன், ஓட்டு எங்கே?

ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், உள்ள முகவரிப்படி. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே பதிவு தானாக நடக்கிறது. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துப் பல வருடம் ஆகியும் ஐ.சி.யில் லயத்து நம்பரே இருக்கும் பிள்ளைகள் நிறைய. முகவரியை மாற்றுங்கள், இல்லையென்றால் பஸ் ஏறி வந்து போடுங்கள். பெயரை இன்றே சரிபாருங்கள்.





கே: 2020-இல் நம்ம ஓட்டை மாமன்னர்தானே மாற்றினார்?

இல்லை அக்கா. நாம் பிரதமருக்கு ஓட்டுப் போடுவதில்லை, எம்.பி.க்குத்தான் போடுகிறோம். பெரும்பான்மை யாரிடம் இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக நியமிப்பார். 2020 பிப்ரவரி 24-இல் பெர்சத்து கட்சி பக்காத்தான் கூட்டணியை விட்டு விலகியது, பிரதமர் மகாதீர் பதவி விலகினார், மார்ச் 1-இல் பெர்சத்துவின் முஹிடின் பிரதமராகப் பதவியேற்றார். கணக்கை மாற்றியவர்கள் எம்.பி.க்கள்.

கே: அப்போ 2022-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததே, இனி நடக்காதுதானே அண்ணே?

நடக்கும் தம்பி. தனி எம்.பி. கட்சியை விட்டால் பதவி போகும், இடைத்தேர்தல் வரும். ஆனால் கட்சியே கூட்டணி மாறினால் அவர் பதவி போகாது. பெர்சத்து மாதிரி ஒரு கட்சி மொத்தமாக விலகுவதை அந்தச் சட்டம் தடுக்காது. அதனால் வேட்பாளரின் கட்சி யாரோடு சேரும் என்று பிரச்சாரத்திலேயே கேளுங்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

கே: ஒரு ஓட்டால் என்ன ஆகும்?

2008-இல் அமைச்சராக இருந்த சாமிவேலு, 1974 முதல் வைத்திருந்த இதே தொகுதியில் 1,821 ஓட்டில் தோற்றார்.

கே: பெயர் இருக்கா என்று எப்படிப் பார்ப்பது?

சரிபாருங்கள் என்று மேலே சொல்லியிருக்கிறேன் அம்மா, எப்படி என்று கேட்கும் ஏழாவது பேர் நீங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் ஐ.சி. எண்ணைத் தட்டுங்கள், தொகுதி வரும். தேர்தல் நெருங்கியதும் சாவடியும், அங்கே எந்த வரிசை என்ற சாலுரானும் தெரியும். பேத்தியை உட்கார வைத்து இப்போதே பாருங்கள்.