சினைப்பைக் கட்டியில் கல்லீரல் போன்ற செல்கள் தெரிந்தால், அது கல்லீரலில் இருந்து பரவியதுதானா?

அறுபது வயது அம்மாவின் சினைப்பைக் கட்டியை எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட்டில் ‘ஹெப்படாய்டு கார்சினோமா’ (கல்லீரல் செல் போலத் தெரியும் புற்றுநோய்) என்று இருக்கிறது, சில கட்டிகள் ரத்தத்தில் சுரக்கும் ஏ.எஃப்.பி. என்ற புரதமும் அதிகம், அப்படியானால் கல்லீரலில்தான் ஆரம்பித்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவை வைத்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள்.

நான் பேத்தாலஜி டாக்டர். சினைப்பையிலேயே உருவாகி, கல்லீரல் புற்றுநோயை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும் கட்டி ஒன்று உண்டு. 1987இல் இஷிகுராவும் ஸ்கல்லியும் ஐந்து பெண்களிடம் பார்த்து இதைத் தனி நோயாக எழுதினார்கள். இன்றும் மிக அபூர்வம்தான். பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வருகிறது.

மைக்ராஸ்கோப்பில் பெரிய பெரிய செல்கள், இளஞ்சிவப்பாக நிறைந்த உடல், நடுவில் உருண்டையான நியூக்ளியஸ், அதற்குள் பளிச்சென்று ஒரு புள்ளி. சில சமயம் பித்தநீரே துளித்துளியாகத் தெரியும். அந்த ஒரு ஸ்லைடை மட்டும் கையில் கொடுத்தால் எந்த உறுப்பில் தொடங்கியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செல்லில் உள்ள புரதங்களைக் காட்டும் சாயப் பரிசோதனைகள் உண்டு; அதில் ‘ஹெப்பார்-1 பாசிட்டிவ், அதனால் கல்லீரல்’ என்பது பலரும் நம்புகிற விஷயம். ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1, கிளிப்பிக்கன்-3 மூன்றுமே சினைப்பையில் பிறந்த இந்தக் கட்டியிலும் பாசிட்டிவாக வரலாம். செல் கல்லீரல் செல் போல மாறியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

உண்மையில் துப்புக் கொடுப்பது கட்டியின் மற்ற பகுதிகள். பெரிய கட்டியில் சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு என்ற கணக்கிலாவது எடுத்துப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு மூலையில் சினைப்பைக்கே உரிய சீரஸ் வகைப் புற்றுநோய் கலந்திருந்தால், அது சினைப்பையில் பிறந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதனால் எத்தனை பிளாக் (மெழுகில் பதித்த துண்டு) எடுத்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் கல்லீரல். டிரைஃபேசிக் சி.டி. (மருந்து செலுத்தி மூன்று கட்டமாக எடுக்கும் ஸ்கேன்) அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா? ஹெபடைடிஸ் பி, சி பார்த்தார்களா? சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) உண்டா? கல்லீரல் புற்றுநோய் சினைப்பைக்குப் பரவுவதே அபூர்வம். கல்லீரல் சுத்தமாக இருந்தால் அந்தச் சந்தேகம் பெருமளவு விலகிவிடும்.

இதுவே இருபது வயதுப் பெண்ணாக இருந்தால் நான் முதலில் தேடுவது யோக் சாக் டியூமர், அதாவது சினைப்பையின் கருச்செல்களில் இருந்து வரும் ஒரு புற்றுநோய். அதிலும் ஹெப்படாய்டு வகை உண்டு, ஏ.எஃப்.பி.யும் ஏறும். அதற்கு பிளியோமைசின், எடோபோசைட், சிஸ்பிளாட்டின் சேர்ந்த மருந்து. பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். உங்கள் அம்மாவுக்குச் சினைப்பையில் தொடங்கியது என்று உறுதியானால், வழக்கமாக கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் பக்கம் போவார்கள். கல்லீரல் என்றால் வைத்தியமே வேறு. அதனால் கீமோ தொடங்கும் முன் ஸ்லைடுகளையும் பிளாக்குகளையும் வாங்கி, பெண்களுக்கான புற்றுநோய்களை நிறையப் பார்க்கும் ஒரு மையத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பது அவசியம் என்றே சொல்வேன்.

இன்னொன்று: ஏ.எஃப்.பி. ரத்தத்தில் ஐந்து முதல் ஏழு நாளில் பாதியாகக் குறையும். சினைப்பையை எடுத்த பிறகு அது தொடர்ந்து இறங்கி நார்மலுக்கு வந்து, ஸ்கேனில் கல்லீரலும் சுத்தமாக இருந்தால், அதைச் சுரந்தது எடுத்த கட்டிதான் என்று நம்பலாம். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இருந்தால் தேதியோடு இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.