குடல் அழற்சி நோயும் ஸ்கேன் கதிர்வீச்சும்: கேள்வி பதில்

வயிற்றுப் பகுதி ஸ்கேன்களைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியல் மருத்துவன் என்ற முறையில், கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய நாள்பட்ட குடல் அழற்சி நோய்களுக்காக எடுக்கப்படும் படங்களைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். மருந்து பற்றிய கேள்விகள் என் துறைக்கு அப்பாற்பட்டவை.

கேள்வி: எனக்கு 27 வயது. கிரோன் நோய்க்காக இதுவரை ஐந்து முறை வயிற்று சி.டி. எடுத்திருக்கிறார்கள். எனக்குப் புற்றுநோய் வருமா?

பதில்: வயிறும் இடுப்பும் சேர்ந்த ஒரு சி.டி. ஸ்கேனில் சராசரியாக 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு உடலில் படுகிறது. மண், காற்று, விண்வெளி ஆகியவற்றிலிருந்து மனிதர் ஒவ்வொருவர் மீதும் ஆண்டுதோறும் இயல்பாகப் படுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 100 பேர் தலா 100 மில்லிசீவர்ட் பெற்றால் அவர்களில் ஒருவருக்கு அதன் விளைவாகப் புற்றுநோய் வரக்கூடும். அதே 100 பேரில் ஏறத்தாழ 42 பேருக்கு வேறு காரணங்களால் எப்படியும் வாழ்நாளில் புற்றுநோய் வரும். அந்தக் கணக்கை உங்கள் ஐந்து ஸ்கேன்களுக்குப் பொருத்தினால் கூடுதல் அபாயம் ஏறத்தாழ 200இல் ஒன்று. இது எல்லா வயதினருக்குமான சராசரி என்பதால், இளம் வயதில் எடுத்தவர்களுக்குச் சற்றுக் கூடும்.

இதை அலட்சியப்படுத்த முடியாது. இதற்காகத் தூக்கம் இழக்கவும் தேவையில்லை. பல ஆண்டுகள் அடங்காமல் இருக்கும் பெருங்குடல் அழற்சியே புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பதையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும். உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. கிரோன் நோய் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் விட்டு விட்டுச் சீறுவதால், ஸ்கேன்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. அயர்லாந்தில் 409 கிரோன் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், 15.5 விழுக்காட்டினர் 75 மில்லிசீவர்ட்டைத் தாண்டியிருந்தனர். மொத்தக் கதிர்வீச்சில் முக்கால் பங்குக்கு மேல் சி.டி. ஸ்கேன்களிலிருந்தே வந்திருந்தது.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே?

பதில்: திட்டமிட்டு எடுக்கும் தொடர் கண்காணிப்புக்கு அதுவே முறை. குடலை விரிக்க ஒரு லிட்டருக்கும் மேல் திரவத்தைக் குடித்துவிட்டு, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்கிப் படுத்திருந்தால், சிறுகுடல் சுவரின் தடிப்பும் வீக்கமும் கதிர்வீச்சே இல்லாமல் தெளிவாகத் தெரியும். ஆசனவாயைச் சுற்றி உருவாகும் புரைவழிகளுக்கு (ஃபிஸ்டுலா) எம்.ஆர்.ஐ.யே சிறந்தது. பழகிய கைகளில் அல்ட்ராசவுண்டும் கடைசிச் சிறுகுடலை நன்றாகவே காட்டும். இவற்றுக்கும் முன்பாக, குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவை மலத்தில் பார்த்தாலே பல நேரங்களில் படம் தேவையா என்பது தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கடும் வயிற்று வலியும் காய்ச்சலுமாக அவசரப் பிரிவில் படுத்திருக்கும்போது, குடலில் துளை விழுந்திருக்கிறதா, சீழ்க்கட்டி இருக்கிறதா என்பதைச் சில நொடிகளில் காட்டும் சி.டி.யைக் கதிர்வீச்சுக்குப் பயந்து மறுக்காதீர்கள். ஆண்டுகள் கழித்து வரக்கூடிய சிறு அபாயத்தை, அன்றிரவே உயிரைப் பறிக்கக்கூடிய அபாயத்தோடு ஒப்பிடவே கூடாது.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சி.டி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: அவசரம் இல்லையென்றால், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா என்று தயங்காமல் கேளுங்கள். வளரும் திசுக்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும். பாதிப்பு வெளிப்படுவதற்கான ஆயுளும் குழந்தைகளுக்கு நீண்டது. 22 வயதுக்கு முன் சி.டி. எடுத்த ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, 10,000 குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுத்தால் அடுத்த 12 ஆண்டுகளில் ஓரிருவருக்கு அதன் காரணமாக இரத்தப் புற்றுநோய் வரலாம். சி.டி. தவிர்க்க முடியாததாக இருந்தால், உடல் எடைக்கேற்பக் கதிர் அளவைக் குறைக்கிறார்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு சி.டி. எடுத்திருக்கிறேன். புற்றுநோய் வருமா?

பதில்: முதல் பதிலைப் பார்க்கவும்; ஐந்துக்குப் பதில் ஏழு என்று போட்டுக்கொள்ளவும்.

கேள்வி: என் குறுந்தகட்டில் படங்களின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் டி.எல்.பி. 1,240 என்று இருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

பதில்: இதைக் கவனித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். டி.எல்.பி. என்பது அந்த ஸ்கேனில் பயன்படுத்திய மொத்தக் கதிர்வீச்சைக் காட்டும் எண். பெரியவர்களின் வயிறு, இடுப்பு ஸ்கேனுக்கு அந்த எண்ணை 0.015ஆல் பெருக்கினால் தோராயமான மில்லிசீவர்ட் கிடைக்கும். உங்களுக்கு 18.6. வழக்கத்தைப் போல இரு மடங்கு. காரணம் அதே அட்டவணையில் இருக்கும்: மொத்தத்துக்கு மேலே ஏறத்தாழ சம அளவில் இரண்டு வரிகள் இருந்தால், படம் தெளிவாகத் தெரிவதற்கான சாய மருந்தை ஏற்றும் முன் ஒரு முறையும் ஏற்றிய பின் மறுமுறையும் வயிறு முழுவதையும் படம் எடுத்திருக்கிறார்கள். கிரோன் நோயின் வழக்கமான மதிப்பீட்டுக்கு, மருந்து ஏற்றிய பின் எடுக்கும் ஒரே சுற்று போதும். பழக்கத்தால் எடுக்கப்படும் அந்த முதல் சுற்றுதான் நான் பார்ப்பவற்றிலேயே மிக வீணான கதிர்வீச்சு. ஒவ்வொரு ஸ்கேனின் தேதியையும் இந்த எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

கேள்வி: நான் மருத்துவ இயற்பியலாளர். நோட்டில் குறிக்கச் சொல்வதை ஏற்க முடியாது. ஒவ்வொரு ஸ்கேனின் அபாயமும் தனித்தனியானது. பழைய கதிர்வீச்சைக் கூட்டிப் பார்ப்பதால் அடுத்த ஸ்கேனின் அபாயம் கூடவோ குறையவோ செய்யாது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமும் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்களின் அமைப்பான கதிரியல் கல்லூரியும் 2021இல் கூட்டாகச் சொன்னதும் இதுவே.

பதில்: தர்க்கம் சரி. பத்து ஸ்கேன் எடுத்தவருக்கும் ஒன்றுமே எடுக்காதவருக்கும் அடுத்த ஸ்கேன் சேர்க்கும் அபாயம் ஒன்றே. ஆகவே பழைய கூட்டுத்தொகையைக் காட்டித் தேவையான ஸ்கேனை மறுப்பது பிழை. ஆனால் அதே 2021இல் பன்னாட்டு அணுசக்தி முகமை, அடிக்கடி ஸ்கேன் எடுக்க நேரும் நோயாளிகள் மீது தனிக் கவனம் வேண்டும் என்று வற்புறுத்தியதையும் சொல்லியிருக்கலாம்.

கேள்வி (அவரே): கவனம் மருத்துவமனையின் கடமை. நோயாளியின் கையில் எண்ணைக் கொடுத்தால் பயம்தான் மிஞ்சும். பயந்தவர், மறுக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லும் அந்த அவசர சி.டி.யையே மறுப்பார்.

பதில்: அந்த ஆபத்து உண்மையானது என்பதால்தான் மேலே அழுத்திச் சொன்னேன். ஆனால் நோட்டு அபாயத்தைக் கூட்டிப் பார்ப்பதற்கு அல்ல. மூன்று வாரத்துக்கு முன் வேறிடத்தில் எடுத்த படம் கைவசம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மீண்டும் எடுக்கிறார்களே, அதைத் தடுப்பது அந்த ஒரு வரிதான். மேலே கேட்டவருக்கு இரண்டு சுற்று எடுத்திருக்கலாம் என்று தெரியவந்ததும் அவர் எண்ணைக் கவனித்ததால்தான்.

கேள்வி: குறைந்த கதிர்வீச்சு தீங்கு செய்யும் என்பதே வெறும் கோட்பாடு அல்லவா? இருவரும் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்?

பதில்: வெறும் கோட்பாடு என்று தள்ள முடியாது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணுசக்தித் தொழிலாளர்களைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வில், சிறுகச் சிறுகச் சேர்ந்த கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் மரணமும் கூடியிருந்தது. 10 மில்லிசீவர்ட் என்ற ஒற்றை அளவில் எவருக்கும் தீங்கு நேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். இயற்பியலாளரும் இதை மறுக்கமாட்டார். எங்கள் சண்டை நோட்டைப் பற்றியது.

கேள்வி: நான் கர்ப்பிணி. நோய் சீறியிருக்கிறது.

பதில்: முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு, காடோலினியம் என்ற சாய மருந்தை ஏற்றாத எம்.ஆர்.ஐ. உயிருக்கு ஆபத்தான நிலையில் ஒரு சி.டி. எடுக்க நேர்ந்தாலும், கரு பெறும் அளவு பொதுவாக 50 மில்லிகிரேக்கு (திசு உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வெகு கீழேதான் இருக்கும். அதற்குக் கீழே பிறவிக் குறைபாடுகள் கூடியதாகக் காணப்படவில்லை.

கேள்வி: குடலைப் படம் பிடிக்க விழுங்கும் கேப்ஸ்யூல் கேமராவில் கதிர்வீச்சு உண்டா?

பதில்: இல்லை. ஆனால் குடல் சுருங்கியிருந்தால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். முதலில் கரையும் வகைச் சோதனை மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: உடலில் தங்கிய கதிர்வீச்சை வெளியேற்ற என்ன சாப்பிடலாம்?

பதில்: எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் எதுவும் உடலில் தங்குவதில்லை. வெளியேற்ற எதுவும் இல்லை.

கேள்வி: எனக்கு நான்கு சி.டி. எடுத்திருக்கிறார்கள்...

பதில்: முதல் பதில்.

கேள்வி: நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் அசதியோபிரின் மருந்து எடுக்கிறேன். அதுவும் ஸ்கேனும் சேர்ந்தால் நிணநீர்ப் புற்றுநோய் வருமா?

பதில்: அந்த மருந்துக்கென்று நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் தனியே உண்டு, அதை நிறுத்துவதா தொடர்வதா என்பதை உங்கள் குடலியல் மருத்துவரிடம் கேளுங்கள். அவரைப் பார்க்காமல் நீங்களே நிறுத்திவிட வேண்டாம். நோய் மீண்டும் சீறினால் அடுத்த சி.டி.தான் வரும்.