கண்ணியும் நாரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மதுரையில் ஒரு கச்சேரியில் தாயுமானவரின் பராபரக்கண்ணியிலிருந்து மூன்று கண்ணிகளை மட்டும் பாடினார்கள். 389 கண்ணிகளில் மூன்றை மட்டும் பிய்த்துப் பாடுவது முறையா? கண்ணியைத் ‘தமிழின் கஜல்’ என்று சொல்லலாமா? அதற்கென்று தனி ராகம் உண்டா?

– ஒரு வாசகர், திருநகர்

அன்புள்ள நண்பருக்கு,

கண்ணி என்பது இரண்டிரண்டு அடியாக வரும் பாட்டு. அதற்கென்று தனி ராகம் கிடையாது. மெட்டு பாடுகிறவரின் பொறுப்பு. பாரசீக, உருதுக் கவிதை வடிவமான கஜலைப் பொறுத்தவரை, உங்கள் ஒப்புமையில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டிரண்டு அடியாக நடப்பதும், ஒவ்வோர் இரட்டையும் தனித்து நிற்பதும், ‘பராபரமே’ போல ஒரு சொல் முடிவில் திரும்பத் திரும்ப வருவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் கஜலின் ஓசையொற்றுமை அடியின் கடைசியில் விழுகிறது. கண்ணியிலோ எதுகையாக அடியின் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. அது கிடக்கட்டும். நம் வீட்டுப் பொருளுக்கு அயல்வீட்டுப் பெயரை வைத்தால்தான் மதிப்பு வரும் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சிம்மக்கல்லில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பத்தா மல்லிகை கட்டுவார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து, நனைத்த வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் அது ஒரு கண்ணி. எனக்கு எட்டு வயதிருக்கும்போது நாரை என் கையில் கொடுத்து, “கண்ணிய நெருக்கிப் போடுடா, இல்லாட்டி கோயில் வாசலுக்குப் போறதுக்குள்ள உதுந்துரும்” என்பார். யாப்பிலக்கண நூலைத் தொடுவதற்கு முன்பே எனக்கு அந்தச் சொல்லின் பொருள் விரல் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. ‘கண்ணி கார்நறுங் கொன்றை’ என்று தொடங்கும் புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவன் தலையில் சூடியிருப்பதும் கண்ணிதான்.

பூவைப் போலவே பாட்டிலும் உதிரி உண்டு, சரம் உண்டு. பராபரக்கண்ணி உதிரி. ஒவ்வொரு கண்ணியும் தன் எதுகையோடு, தன் வேண்டுதலோடு முழுமையாக நிற்கிறது. ஒரு கைப்பிடி அள்ளினாலும் மணம் குறையாது. ‘தமிழ் விடு தூது’ என்ற நூலோ சரம். கலிவெண்பாவின் ஒரே நாரில் 268 கண்ணிகள் தொடுக்கப்பட்ட அந்த நூலை உ.வே.சாமிநாதையர் 1930இல் பதிப்பித்தார். பாடியவர் யாரென்று தெரியவில்லை. அதிலிருந்து

‘இருந்தமிழே உன்னால் இருந்தேன் இமையோர்
விருந்தமிழ்தம் என்றாலும் வேண்டேன்’

என்ற ஒரே கண்ணியை மட்டும் அறுத்தெடுத்து மேடைதோறும் தொங்கவிடுகிறோம். நான் நடுவராகப் போயிருந்த ஒரு பள்ளி விழாவில் ஒரு சிறுமி இதை அழகாகச் சொன்னாள். “இதைச் சொல்பவர் யாரம்மா?” என்று கேட்டேன். குழந்தை விழித்தது, அருகில் நின்ற ஆசிரியர் தயங்காமல் “பாரதிதாசன்” என்றார். அன்று எனக்கு வந்த கோபத்தை வீடு திரும்பும்வரை பேருந்தில் சுமந்துகொண்டு வந்தேன்.

சொல்பவள் மதுரைச் சொக்கநாதர் மேல் காதல் கொண்டு துவளும் ஒரு பெண். தன் நிலையை அவரிடம் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். தமிழையே தூது அனுப்புகிறாள். அனுப்புவதற்கு முன் அதைப் புகழ்கிறாள், குழைகிறாள், காரியம் ஆக வேண்டியவர்கள் எல்லோரும் செய்வதைப் போலக் கொஞ்சம் கூட்டியும் சொல்கிறாள். ‘உன்னால் இருந்தேன்’ என்பதில் மொழிப்பற்றோடு ஏக்கமும் கெஞ்சலும் கலந்திருக்கின்றன. நாரை அறுத்ததும் பெண் மறைந்துவிட்டாள். முழக்கம் மட்டும் மிஞ்சியது. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. நீங்கள் மட்டும், உதிரிப்பூவை மூன்றாக எடுத்துத் தந்த பாடகர் மேல் வருத்தப்படுகிறீர்கள்!

அவர் தவறேதும் செய்யவில்லை. அந்த மூன்றில் ‘எல்லாரும் இன்புற்றிருக்க நினைப்பதுவே’ இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.