பெயருக்குப் பின்னால் தொங்கும் வால்

கேள்வி: பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். ட்ரூபல் 7 என்ற இணையதள மென்பொருளில் ஒரு தளம் வைத்திருக்கிறோம். வாங்கியவர்கள் கருத்து எழுதினால், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நாட் வெரிஃபைடு’ (சரிபார்க்கப்படவில்லை) என்று வருகிறது. நாங்களே எழுதிக்கொண்டது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். தளம் செய்து கொடுத்தவர் ஒருமுறை அதை எடுத்துக் கொடுத்தார். அப்டேட் போட்டதும் திரும்ப வந்துவிட்டது. இப்போது வருடப் பராமரிப்பு என்று 6,000 ரூபாய் கேட்கிறார். நானே எடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரே ஃபைலில் பத்து வரி வேலை.

லாகின் செய்யாமல் கருத்து எழுதுகிற எல்லோருக்கும் ட்ரூபல் அந்த வாலை ஒட்டிவிடும். கருத்து பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. எழுதியவருக்கு இந்தத் தளத்தில் கணக்கு இல்லை, அவ்வளவுதான். எடுப்பதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது.

உங்கள் ஆள் என்ன செய்திருப்பார் என்று பார்க்காமலே சொல்லலாம். ட்ரூபலின் சொந்த ஃபைலைத் திறந்து அங்கேயே வெட்டியிருப்பார். அப்டேட் என்றால் பழைய ஃபைலைத் தூக்கிவிட்டுப் புதியதை வைப்பதுதானே? அவர் வெட்டியதும் அதோடு போய்விட்டது. தெரியாமல் செய்தார் என்றால் அரைகுறை வேலை. தெரிந்தே செய்தார் என்றால் தூண்டில். இராமேஸ்வரம் லாட்ஜ் தளங்கள் சிலவற்றை நான் திறந்து பார்த்தபோதும் இதே கதைதான். செய்தது அழிந்துவிடும் என்று பயந்து, பாதுகாப்பு அப்டேட்டே போடாமல் வருடக்கணக்கில் விட்டிருந்தார்கள்.

சரி, முறையான வழிக்கு வருவோம். திரையில் தெரிகிற சின்னச் சின்னத் துண்டுகள் பலவற்றுக்கு ட்ரூபல் 7-ல் தனித்தனி ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்கிற சிறு நிரல்) உண்டு. பெயர் ‘தீம்’ என்று தொடங்கும். அதே ஃபங்ஷனை உங்கள் தீமின், அதாவது தளத்தின் தோற்றத்துக்கான ஃபைல் தொகுப்பின், பெயரில் எழுதி வைத்தால், ட்ரூபல் தன்னுடையதை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொள்ளும். உங்கள் தீம் தனி ஃபோல்டரில் இருப்பதால் அப்டேட் அதைத் தொடாது.

‘இன்க்லூட்ஸ்’ ஃபோல்டரில் ‘தீம்.இன்க்’ ஃபைலைத் திறந்து, ‘தீம்_யூசர்நேம்’ (theme_username) என்று தேடுங்கள். முழு ஃபங்ஷனையும் கடைசி வளைவு அடைப்பு ( } ) வரை காப்பி எடுங்கள். அங்கே ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மூடிவிடுங்கள். அப்புறம் உங்கள் தீம் ஃபோல்டரில் ‘டெம்ப்ளேட்.பி.எச்.பி’ ஃபைலின் முடிவில் ஒட்டுங்கள். தீமின் பெயர் ‘பவளம்’ என்று வைத்துக்கொள்வோம். ‘தீம்_யூசர்நேம்’ என்பதை ‘பவளம்_யூசர்நேம்’ ஆக்குங்கள். ஃபோல்டரில் இருக்கிற அதே ஆங்கிலச் சிறிய எழுத்துப் பெயராக இருக்க வேண்டும். உள்ளே ‘நேம்’ என்ற மாறிக்கு (வேரியபிளுக்கு) பின்னால் ஒரு புள்ளி, அதற்கடுத்து ‘எக்ஸ்ட்ரா’ என்ற மாறி தெரியும். வால் அதுதான். புள்ளியோடு சேர்த்து நீக்குங்கள்.

இரண்டு இடத்தில் இருக்கும், கவனம். முதலாவது பெயரில் லிங்க் இருப்பவர்களுக்கு, இரண்டாவது லிங்க் இல்லாதவர்களுக்கு. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, சிலருக்குப் போகிறது சிலருக்குப் போகவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

சேமித்ததும் ஒன்றும் மாறாது. எந்த ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று ட்ரூபல் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும். பழைய பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கும். நிர்வாகப் பகுதியில் கான்ஃபிகரேஷன், பெர்ஃபார்மன்ஸ் போய், எல்லா கேஷையும், அதாவது இப்படிச் சேமித்து வைத்த பட்டியல்களை, அழிக்கிற பொத்தானை அமுக்குங்கள். இந்த ஒரு பொத்தானுக்குக் காசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். நிர்வாகப் பகுதியில் கருத்துகளின் பட்டியலைத் திறந்தால் வால் அங்கே அப்படியே இருக்கும். உடனே ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். வாடிக்கையாளர் பார்க்கிற பக்கத்துக்கு உங்கள் பவளம். நிர்வாகப் பக்கத்துக்குப் பெரும்பாலும் ‘செவன்’ என்ற வேறு தீம். பவளத்தில் எழுதியதை செவன் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் லாகின் செய்யாத வேறொரு பிரவுசரில், வாடிக்கையாளர் போலவே பக்கத்தைத் திறந்து பாருங்கள். பட்டியலில் இருக்கிற வால் இருக்கட்டும். யார் லாகின் செய்து எழுதினார்கள், யார் சும்மா எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? அதையும் எடுக்கிறேன் என்று செவனின் ஃபைலுக்குள் போனால் பழைய தப்புதான், செவனும் அப்டேட்டில் மாறும்.

கை வைப்பதற்கு முன் டெம்ப்ளேட் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஓர் அடைப்பு விட்டுப்போனாலும் தளம் முழுக்க வெள்ளையாகிவிடும். நகலைத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும். 10-ஆம் பதிப்பில் இந்தத் தீம் ஃபங்ஷன்களே கிடையாது, எல்லாம் ட்விக் என்ற டெம்ப்ளேட் ஃபைல்கள். ஒரு வழியை ஊரெல்லாம் கற்றுக்கொண்டதும் அதைத் தூக்கிவிடுவது இந்தத் துறையின் பழக்கம், என்ன செய்ய! யூசர்நேமுக்கான ட்விக் ஃபைலை உங்கள் தீமுக்குள் நகலெடுத்து, அங்கேயும் ‘எக்ஸ்ட்ரா’வை நீக்கினால் போதும்.

பதிப்பு மாற்ற யாரிடம் கொடுத்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் டொமைன் (தளத்தின் முகவரி) யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். படகுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் மீனைப் போட வேண்டும் என்கிற கட்டு உங்களுக்குத் தெரியாததா? பாஸ்வேர்டைக் கையில் வைத்திருப்பவரும் அப்படித்தான். டொமைன், ஹோஸ்டிங் (தளம் இருக்கிற சர்வர் இடம்), தளத்தின் முதல் நிர்வாகக் கணக்கு மூன்றையும் இந்த வாரமே உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றச் சொல்லுங்கள். 6,000 ரூபாய்ப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.