ஃபேன் சுத்துது, சர்வர் எந்திரிக்கல: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல வீட்டுல வச்சிருக்க ஸ்டோரேஜ் சர்வர் பத்தி தான். மழை ஆரம்பிச்சு கரண்ட் போக்கு காட்ட ஆரம்பிச்சாலே இப்படி தான் லெட்டர் வரும். மொபைல் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளியாச்சு, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், பழைய ஐ3 டெஸ்க்டாப்ல ஓபன்மீடியாவால்ட்ங்கற லினக்ஸ் ஓஎஸ் போட்டு சர்வரா வச்சிருக்கேன், 4 டிபி டிஸ்க் நாலு, ரெய்டு 5 (நாலையும் ஒண்ணா சேத்து, ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா நிக்கிற முறை). போன வாரம் ராத்திரி கரண்ட் போய் போய் வந்துச்சு, அதுலேர்ந்து பட்டன அமுக்குனா ஃபேன் ரெண்டு செகண்ட் சுத்துது, நின்னுடுது, தானா திரும்ப சுத்துது, திரும்ப நிக்குது. பிளக்க புடுங்கிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு போட்டா சில நேரம் ஆன் ஆகுது, ஆனா ரெண்டு டிஸ்க் தான் காட்டுது. கடைக்காரர் மதர்போர்டு போயிருச்சுங்கறாரு. பொண்ணு காதுகுத்து வீடியோலேர்ந்து எல்லாம் அதுல தான் சார் இருக்கு. (மதுரை வாசகர்)

பதில்: மதர்போர்டுக்கு இப்ப காசு குடுக்காதீங்க சார். முதல்ல அந்த பட்டன விட்டுட்டு கைய எடுங்க, நீங்க ஒவ்வொரு தடவ அமுக்குறப்பவும் நாலு டிஸ்க்கும் கிளம்பி பாதில நிக்குது, ஒருவேளை மூணு டிஸ்க்கோட ஓஎஸ் ஏறிடுச்சுன்னா அது மூண வச்சே ரெய்ட ஓட்ட ஆரம்பிச்சுடும், நாலாவது பின்தங்கிடும், அப்புறம் அத சேக்குறது தனி வேலை.

போர்டா, பவரான்னு பாக்க ஸ்க்ரூடிரைவர் மட்டும் போதும். சுவிட்ச ஆஃப் பண்ணி, பிளக்க எடுத்துட்டு, நாலு டிஸ்க்கோட பவர் கேபிளையும் கழட்டிடுங்க, ஓஎஸ் இருக்க எஸ்எஸ்டி கேபிளும் வேணாம். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டிஸ்க்குலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி 1, 2, 3, 4ன்னு எழுதி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. இப்ப ஆன் பண்ணுங்க. பயாஸ், அதாவது ஓஎஸ்ஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங் ஸ்கிரீன், அது வரைக்கும் போய் ஸ்டெடியா நின்னுச்சுன்னா உங்க போர்டு உயிரோட தான் இருக்கு, குற்றவாளி பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ், அதான் உள்ள இருக்க பவர் சப்ளை டப்பா.

ஏன்னா மூன்றரை இன்ச் டிஸ்க் ஒண்ணு சுத்த ஆரம்பிக்கிற அந்த சில செகண்டு 12 வோல்ட் லைன்ல கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். நாலு டிஸ்க்குன்னா 8 ஆம்பியர், அதாவது டிஸ்க்குக்கு மட்டும் 100 வாட் பக்கம். சுத்தி செட்டில் ஆனதுக்கு அப்புறம் ஒண்ணுக்கு 5லேர்ந்து 8 வாட் தான். வீட்டுல தண்ணி மோட்டார் போட்ட ஒடனே டியூப்லைட் ஒரு நொடி மங்கி திரும்ப வருதுல்ல, அதே தான் உள்ளயும் நடக்குது. எஸ்எம்பிஎஸ் புதுசா இருந்தப்ப அந்த இழுப்ப தாங்குச்சு, வருஷக்கணக்கா 24 மணி நேரமும் ஓடி கெபாசிட்டர் காஞ்சு போயிருக்கும், அதுக்கு மேல கரண்ட் போய் போய் வந்து அடிச்சிருக்கு. கேபினெட்டோட ஃப்ரீயா வர்ற எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்னு பெருசா ஸ்டிக்கர் இருக்கும், அத நம்பாதீங்க, அதுக்கு கீழ பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு எத்தன ஆம்பியர்னு போட்டிருக்கும் பாருங்க, அது தான் கணக்கு.

மல்டிமீட்டர் இருந்தா எஸ்எம்பிஎஸ்லேர்ந்து வர்ற நாலு பின் மோலக்ஸ் கனெக்டர்ல மஞ்சள் ஒயருக்கும் கருப்பு ஒயருக்கும் நடுவுல வச்சு பாருங்க, 11.4க்கும் 12.6க்கும் நடுவுல இருக்கணும். ஆனா மீட்டர் மெதுவா தான் காட்டும், ஒரு நொடி இறக்கத்த பல நேரம் புடிக்காது, அதனால ரீடிங் நல்லா இருக்கேன்னு விட்டுடாதீங்க. எஸ்எஸ்டி இல்லாமலே, பயாஸ் ஸ்கிரீன்ல, ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணிட்டு ஒரு டிஸ்க்க சேத்து சேத்து ஆன் பண்ணி பாருங்க. ரெண்டு வரைக்கும் ஓகே, மூணாவது மாட்டுனா ஆட்டம்னா, அது மூணாவது டிஸ்க்கானும் டவுட் வரும், அதனால டிஸ்க்க மாத்தி மாட்டியும் ஒரு தடவ பாத்துடுங்க. எது மாட்டுனாலும் மூணாவதுல விழுதுன்னா எஸ்எம்பிஎஸ் தான், சந்தேகமே வேணாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் ஷார்ட் பண்ணி ஃபேன் சுத்துது பாருங்க நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. லோடு இல்லாம ஃபேன் சுத்துறது ஒரு டெஸ்ட்டே இல்ல.

டிஸ்க் ஒண்ணு கூட இல்லாமலே ஆன் ஆஃப் ஆகுதுன்னா வேற கதை, ரேம கழட்டி கோல்டன் பின்ன ரப்பர் வச்சு தொடச்சு ஒரே ஒரு ஸ்டிக் போட்டு பாருங்க, பிராசஸருக்கு பக்கத்துல இருக்க 4 பின் பவர் கனெக்டர் லூசான்னு பாருங்க. அதுக்கும் மசியலன்னா வேற எஸ்எம்பிஎஸ் ஒண்ணு கடன் வாங்கி மாட்டி பாத்துட்டு அப்புறம் போர்ட சந்தேகப்படலாம்.

ஒரு விஷயம் மறக்காம பாருங்க, பயாஸ்ல தேதி. அது பழைய வருஷத்த காட்டுதுன்னா சிஆர்2032 பேட்டரி காலி. கரண்ட் இருந்த வரைக்கும் தெரியாது, போய் வந்ததும் செட்டிங் எல்லாம் ஃபேக்டரிக்கு போயிடும், பூட் ஆர்டர் மாறிடும், சில போர்டுல சாட்டா மோட் (போர்டு டிஸ்க்கோட பேசுற முறை) ஏஹெச்சிஐலேர்ந்து வேறெதுக்காவது தாவிடும், சர்வர் ஓஎஸ்ஸே இல்லன்னு சொல்லும். நாப்பது அம்பது ரூபா பேட்டரி. மாத்திட்டு பழைய செட்டிங்க திரும்ப வைங்க. அங்க ரெய்டு வால்யூம் கிரியேட் பண்ணவான்னு ஏதாவது மெனு வந்தா பக்கத்துலயே போகாதீங்க, உங்க ரெய்ட லினக்ஸ் பாத்துக்குது, பயாஸுக்கு அதுல ஜோலியே இல்ல.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டி நாலும் வந்ததும் ரெய்டு நெலமைய காட்டுற எம்டிஸ்டாட் ஃபைல (/proc/mdstat) பாருங்க. நாலு யு (U) வரிசையா இருந்தா ஜாலி. ஒரு எடத்துல யுக்கு பதிலா கீழ்க்கோடு இருந்தா ஒரு டிஸ்க் வெளிய நிக்குதுன்னு அர்த்தம், ஒடனே சேத்துடாதீங்க. டிஸ்க் தன் உடம்பு நெலமைய தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல 5, 197, 198ன்னு நம்பர் போட்ட வரி மூணும் ஜீரோவான்னு பாருங்க. 199 மட்டும் ஏறியிருந்தா டிஸ்க் இல்ல, சாட்டா டேட்டா கேபிள மாத்துங்க. அப்புறம் காதுகுத்து வீடியோவ முதல்ல ஒரு யுஎஸ்பி டிஸ்க்குல காப்பி எடுங்க, அதுக்கப்புறம் தான் ரீபில்ட், அதாவது வெளிய நிக்கிற டிஸ்க்க திரும்ப சேத்து நிரப்புற வேலை, ஏன்னா ரீபில்ட் பண்றப்ப மீதி மூணு டிஸ்க்கையும் ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரைக்கும் படிக்கும், 4 டிபிக்கு 7, 8 மணி நேரம் ஓடும், அதுல இன்னொண்ணு படுத்துச்சுன்னா மொத்தமும் போச்சு. ரெய்டே எந்திரிக்காம இனாக்டிவ்னு நின்னாலும் இருக்க ரெய்ட திரும்ப சேக்குற அசெம்பிள் கமாண்ட் ஓகே, புதுசா ரெய்டு கட்டுற கிரியேட்னு வர்ற கமாண்ட எவன் சொன்னாலும் அடிக்காதீங்க.

கேள்வி: யுஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆஃபர்ல சீப்பா கெடச்சுது, ஒடச்சு உள்ள இருந்த டிஸ்க்க எடுத்து சர்வர்ல மாட்டுனேன், சுத்தவே மாட்டேங்குது. டப்பால திரும்ப போட்டா நல்லா ஓடுது! (ஈரோடு வாசகி)

பதில்: டிஸ்க் நல்லாத்தான் இருக்கு மேடம், உங்க எஸ்எம்பிஎஸ் தான் பழசு. சாட்டா பவர் கனெக்டர்ல முதல் மூணு பின்னுல பழைய கணக்குப்படி 3.3 வோல்ட் வரும், ஆரஞ்சு ஒயர் அது தான். சாட்டா 3.3 வெர்ஷன்ல அந்த மூணாவது பின்னுக்கு வேற வேலை குடுத்துட்டாங்க, அதுல வோல்டேஜ் வந்தா டிஸ்க் ஆஃப்ல இருக்கணும்னு. டேட்டா சென்டர்காரங்க ஹேங் ஆன டிஸ்க்க தூரத்துலேர்ந்தே ஆஃப் பண்ணி ஆன் பண்ண வச்ச வசதி. உங்க எஸ்எம்பிஎஸ் எப்பவும் வோல்ட் குடுத்துட்டே இருக்கு, டிஸ்க்கும் சொன்ன பேச்ச கேட்டு ஆஃப்லயே இருக்கு.

சூடு தாங்குற கேப்டான் டேப்ப மெல்லிசா வெட்டி டிஸ்க்கோட மூணாவது பின் மேல ஒட்டுங்க, முதல் மூணையும் சேத்து மூடுனாலும் ஒண்ணும் ஆகாது. செல்லோடேப் வேணாம், சூட்டுல எளகி பசையாகி கனெக்டர கெடுத்துடும். மோலக்ஸ் டு சாட்டா கன்வெர்டர் போட்டாலும் தீரும், அதுல 3.3 வோல்ட்டே கெடையாது. ஆனா அச்சுல வார்த்த மாதிரி ஒரே பிளாஸ்டிக்கா இருக்க கன்வெர்டர் வாங்காதீங்க, உள்ள ஷார்ட் ஆகி எரிஞ்சு போற ரகம் அது, ஒயர் தனித்தனியா கிரிம்ப் பண்ணி மூடி போட்டது வாங்குங்க. டப்பால இருந்தப்ப டேட்டா போட்டிருந்தா அது வெளிய படிக்க முடியாம போகலாம், சில டப்பா தானே என்கிரிப்ட் பண்ணி வைக்கும்.

கேள்வி: ப்ரோ, உபுண்டு சர்வர். வேலை செய்யாத பழைய டிஸ்க் ஒண்ண கழட்டினேன், அவ்ளோ தான். இப்ப பூட் ஆகுறப்ப ஸ்டார்ட் ஜாப் ரன்னிங்னு ஒன்றரை நிமிஷம் நிக்குது, அப்புறம் எமர்ஜென்சி மோட்னு பாஸ்வேர்ட் கேக்குது. ஓஎஸ் கரப்ட்டா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: கரப்ட்லாம் இல்ல ப்ரோ. டிஸ்க்க கழட்டுனீங்க, பூட் ஆகுறப்ப எந்தெந்த டிஸ்க்க மாட்டணும்னு எழுதி வச்சிருக்க எஃப்எஸ்டேப் ஃபைல்ல (/etc/fstab) அதோட வரிய யாரு எடுக்குறது? பூட்ட நடத்துற சிஸ்டம்டி அந்த டிஸ்க் வரும் வரும்னு 90 செகண்ட் பாத்துட்டு கை விரிச்சுடுது. பாஸ்வேர்ட குடுத்து உள்ள போய் அந்த வரி முன்னாடி ஹேஷ் (#) போட்டுட்டு ரீபூட் பண்ணுங்க, வந்துடும். மத்த டேட்டா டிஸ்க் வரிலயும் ஆப்ஷன்ல நோஃபெயில்னு ஒரு வார்த்த சேத்து வைங்க, இனிமே எந்த டிஸ்க் வரலன்னாலும் சர்வர் மட்டுமாவது ஏறும். அப்படியே வரில எஸ்டிஏ, எஸ்டிபின்னு எழுதியிருந்தா பார்ட்டிஷனோட மாறாத அடையாள நம்பரான யூயூஐடிக்கு மாத்திடுங்க, ஒரு டிஸ்க்க கழட்டுனாலே அந்த பேரெல்லாம் எடம் மாறும்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு சர்வர ஆஃப் பண்ணி தொடச்சு சந்தனம் குங்குமம் வச்சோம். மறுநாள் ஆன் பண்ணா ஒரு டிஸ்க் வரல. ரெண்டு வருஷமா ஆஃப் பண்ணதே இல்ல. (சிவகாசி வாசகர்)

பதில்: சரஸ்வதி மேல பழி போடாதீங்க. தொடைக்கிறப்ப சாட்டா கேபிள் நகர்ந்திருக்கும், முதல்ல அத கழட்டி மாட்டுங்க. அது இல்லன்னா, ரெண்டு வருஷம் நிக்காம சுத்துன டிஸ்க் ஆறிப்போய் திரும்ப கிளம்ப முடியாம திணறுது, அந்த நெலமைல இருந்தது ஓடிட்டு இருந்த வரைக்கும் வெளிய தெரியல. காத வச்சு கேளுங்க, டிக் டிக்னு தட்டுற சத்தம் வந்தா ஆன் பண்றத நிறுத்திடுங்க. அடுத்த வருஷம் பொட்ட கேபினெட்டுக்கு வெளிய வைங்க, குங்குமம் ஃபேன் வழியா உள்ள போய் எங்கெங்கயோ ஒட்டுது.

கேள்வி: 2021ல வாங்குன ரெண்டு பே நாஸ் (ரெண்டு டிஸ்க் போடுற ரெடிமேட் ஸ்டோரேஜ் பாக்ஸ்), லைட்டே எரியல. வாரன்டி முடிஞ்சுது. டிஸ்க்க கழட்டி லேப்டாப்ல போட்டா விண்டோஸ் ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. அப்ப டேட்டா போயிடுச்சா? மாமா ஃபார்மேட் பண்ணிட்டு ரிகவரி சாஃப்ட்வேர் போடலாம்ங்கறாரு. (தாம்பரம் வாசகர்)

பதில்: மாமாவ டீ குடிக்க அனுப்பிடுங்க. விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷன் படிக்க தெரியாது, தெரியாதத எல்லாம் ஃபார்மேட் பண்ணவான்னு தான் கேக்கும், டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறந்தா இனிஷியலைஸ் பண்ணவான்னும் கேக்கும். ரெண்டுக்கும் கேன்சல்.

லைட்டே இல்லன்னா முதல் சந்தேகம் அடாப்டர் மேல. அதுல போட்டிருக்க வோல்ட், பிளக்கோட சைஸ், பிளஸ் மைனஸ் எந்த பக்கம்னு மூணும் அப்படியே இருக்கணும், ஆம்பியர் மட்டும் கூட இருக்கலாம். பாதி கேஸ் இங்கயே முடிஞ்சுடும்.

பாக்ஸே போயிருந்தாலும் டேட்டா டிஸ்க்குல தான் இருக்கு. பெரும்பாலான கம்பெனி நாஸுக்குள்ள ஓடுறது லினக்ஸ், ரெய்டும் சாதா லினக்ஸ் ரெய்டு தான். மிரர்னு, அதாவது ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே டேட்டா இருக்க மாதிரி போட்டிருந்தீங்கன்னா ஒரே ஒரு டிஸ்க் போதும். உபுண்டுவ பென்டிரைவ்ல லைவா ஓட்டி, டிஸ்க்க மாட்டி, எம்டி ஆடம்ங்கற டூல்ல ரீட் ஒன்லியா அசெம்பிள் பண்ணி, இருக்கறதுலயே பெரிய பார்ட்டிஷன ரீட் ஒன்லியாவே மவுண்ட் பண்ணுங்க. நாஸ்ல என்கிரிப்ஷன் போட்டிருந்தா மட்டும் கீ தேடணும். இன்னொரு டிஸ்க் அப்படியே கவர்ல போட்டு பீரோல இருக்கட்டும், ரெண்டையும் ஒரே நேரத்துல நோண்ட வேணாம்.

பழைய பாக்ஸ் வச்சிருக்க மத்தவங்களுக்கு ஒரு தகவல். இன்டெல் ஆட்டம் சி2000 சீரிஸ் சிப், 2013ல வந்தது, அதுல கிளாக் சிக்னல் குடுக்குற பகுதி நாளடைவுல செத்துடும், பாக்ஸ் அதுக்கப்புறம் பூட்டே ஆகாது. 2017 பிப்ரவரில நெட்வொர்க் சாதனம் பண்ற சிஸ்கோ கம்பெனி தன்னோட சாதனங்களுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஓடுனா இந்த மாதிரி ஆகலாம்னு அறிவிச்சப்ப தான் ஊருக்கே தெரிஞ்சுது. நாலு பே, அஞ்சு பே நாஸ் நெறைய அந்த சிப்புல வந்திருக்கு. ஒரு ரெசிஸ்டர சால்டர் பண்ணி சிலர் உயிர் குடுத்திருக்காங்க, கை பழக்கம் இருக்கவங்க முயற்சி பண்ணலாம், டேட்டா எடுத்ததுக்கு அப்புறம். உங்களோடது 2021ங்கறதால இந்த கவலைய விடுங்க, அடாப்டர பாருங்க.

கேள்வி: வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. சர்வருக்கு தனியா யுபிஎஸ் வேணுமா? (திருச்சி வாசகி)

பதில்: வேணும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே கரண்ட் இல்லாம தாங்குறது 16, 17 மில்லி செகண்ட் தான், இன்வெர்ட்டர் மாறுறதுக்குள்ள அது தாண்டிடும். இன்வெர்ட்டர் பின்னாடி யுபிஎஸ் மோட்னு சுவிட்ச் இருந்தா போட்டு பாருங்க, ஓரளவு சமாளிக்கும், ஆனா பேட்டரி காலியாகுதுன்னு சர்வருக்கு சொல்ல அதுக்கு வாயில்ல. யுஎஸ்பி கேபிள் இருக்க யுபிஎஸ் வாங்கி, சர்வர்ல நட்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டீங்கன்னா பேட்டரி கொறையுறப்ப அதுவே ஒழுங்கா ஷட்டவுன் ஆகிடும். வாங்குற வரைக்கும் பயாஸ்ல கரண்ட் வந்ததும் என்ன பண்ணணும்னு ஒரு செட்டிங் இருக்கும், அத ஆஃப்லயே இருன்னு வைங்க. ஈபி கரண்ட் பத்து தடவ வந்து போனாலும் சர்வர் கம்முனு கெடக்கும், கரண்ட் நெலையா வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் நீங்க போய் பட்டன அமுக்கிக்கலாம்.